கற்பித்தலும் கற்கத்தக்கதே

கல்வி வேறு, கற்பிக்கும் ஆற்றல் வேறு. நிறையக் கற்ற ஒருவர் வகுப்பறையிலே தடுமாறுவதையும், அளவாகக் கற்ற ஒருவர் பிள்ளைகளின் உள்ளத்திலே பாடத்தைப் பதிய வைப்பதையும் நாம் காண்கிறோம்.

ஆசிரியராகத் தகாதவருக்குப் பவணந்தி முனிவர் நன்னூலிலே மடற்பனையை ஓர் உவமையாகக் கூறினார். கருக்கு மட்டை சூழ்ந்த பனை, தன்மேல் ஏற எவரையும் விடாது. தானாக விழும் பழத்தையே தரும். வடமராட்சியின் பனங்கூடல்களிடையே வாழும் உடுப்பிட்டி மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பாடஞ் சொல்பவர் விரைதலாகாது, வெகுளுதலாகாது, மாணாக்கன் கொள்ளும் அளவறிந்து கற்பிக்க வேண்டும் என்பதும் அந்நூலின் கருத்தாகும்.

விரையாமையின் பயனை இக்கால ஆராய்ச்சியும் நிறுவியுள்ளது. மேரி பட் ரோவ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுப்பறைகளை ஆராய்ந்து, 1974இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வினாவிய ஆசிரியர் விடைக்காகக் காத்திருந்தது ஏறக்குறைய ஒரு விநாடியே! மந்தமானவர் என்று கருதப்பட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்த அவகாசமோ அதனினும் குறைவு. 3 விநாடி பொறுத்தபோது விடைகள் நீண்டன. வாய் திறவாத பிள்ளைகளும் பேசலாயினர். ‘மக்கு’ என்று நாம் ஒதுக்கிய பிள்ளைக்குக் குறைந்தது அறிவன்று, அவகாசமே என்றால், அப்பிள்ளை இழந்த ஆண்டுகளுக்கு யார் ஈடு செய்வது?

இப்பொறுமை அறிவுரையால் மட்டும் வருவதன்று, பழக்கத்தால் வருவது. அதற்கே பயிற்சிப் பட்டறை வேண்டும். 1963ஆம் ஆண்டளவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான நுண்நிலைக் கற்பித்தல் இதற்கேற்ற முறையாகும். ஆசிரியர் ஒருவர் ஐந்து அல்லது பத்து நிமிடம், ஒரு சில மாணவருக்கு, ஒரே ஒரு திறனைப் பயின்று கற்பிப்பார். ஏனையோர் கவனித்துக் குறைநிறை கூறுவர். அவர் திருத்திக்கொண்டு மீண்டும் கற்பிப்பார்.

யாழ்ப்பாணத்துக்கு ஆசிரியர் பயிற்சி புதியதன்று. கோப்பாய் ஆசிரியர் கலாசாலை 1923இல் தொடங்கியது. ஆயினும், சான்றிதழோடு பயிற்சி முடிந்துவிடுவதில்லை. சிவசம்புப் புலவரைத் தந்த உடுப்பிட்டியிலே, ஆசிரியர் ஐவர் ஒரு மாலையில் கூடினாலே ஒரு பட்டறை அமைந்துவிடும். வினாவுக்கும் விடைக்கும் இடையிலுள்ள நேரத்தை அளக்க ஒரு கைக்கடிகாரம் போதும்.

பெற்றோரே, உங்கள் இல்லமும் ஒரு வகுப்பறையே. தம்பி தங்கையருக்குப் பாடஞ் சொல்லும் மாணவரே, நீங்களும் ஆசிரியரே. வினாவியபின் சற்றே பொறுத்திருங்கள். பிள்ளையின் மௌனம் அறியாமையன்று. அது பெரும்பாலும் சிந்தனையே.