பம்ப் நின்றால் எத்தனை மணி நேரம்?

பிள்ளைக்கு இன்சுலின் பம்ப் வாங்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் முதலில் கேட்பது விலை. அடுத்தது, தினம் நான்கு ஊசி குறையுமா என்பது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று. நடு ராத்திரியில் பம்ப் நின்றுபோனால் விடிவதற்குள் என்ன ஆகும்?

ஊசி போட்டுக்கொள்ளும் டைப் 1 பிள்ளையின் உடம்பில் இரண்டு வகை இன்சுலின் வேலை செய்கிறது. சாப்பாட்டுக்குப் போடுவது மூன்று, நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நீண்ட நேர இன்சுலின் ஒரு நாள் முழுக்கப் பின்னால் நின்று தாங்கும். பம்ப்பில் அந்த இரண்டாவது இல்லை. வேகமாக வேலை செய்து வேகமாகத் தீரும் இன்சுலினைத்தான் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுகிறது. ஒரு யூனிட் என்பது ஒரு மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்கு. மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்திருந்தால், ஒரு மணி நேரத்தில் போவது ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு குறைவாகப் போவதால், வயிற்றில் குத்தியிருக்கும் மெல்லிய குழல் மடங்கினாலும் உள்ளே அழுத்தம் கூடி அலாரம் அடிக்கச் சில மணி நேரம் பிடிக்கலாம். குழல் தோலிலிருந்து நழுவி இன்சுலின் வெளியே கசிந்தால் அலாரமே வராது. பம்ப்பைப் பொறுத்தவரை மருந்து போய்க்கொண்டிருக்கிறது. பிளாஸ்திரி ஈரமாக இருக்கும், குனிந்து முகர்ந்தால் பினாயில் போல ஒரு வாடை வரும். தூங்குகிற பையனின் வயிற்றை யார் முகர்ந்து பார்க்கப் போகிறார்கள்?

கணக்குக்கு ஒரு இரவை எடுத்துக்கொள்வோம். பத்து மணிக்குக் குழல் மடங்குகிறது. இரண்டு மணிக்குச் சர்க்கரை 300-ஐத் தாண்டுகிறது, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரத் தொடங்குகிறது. காலை ஆறு மணிக்கு வயிற்று வலியும் வாந்தியும். எஸ்டேட் லைன் வீட்டில் அதற்குக் கிடைக்கும் பெயர் ‘நேற்று சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை’. பஸ்ஸில் வந்தால் இன்னும் மோசம். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு தாண்டி ஏறும் வண்டியில் குழந்தைகள் வாந்தி எடுப்பதை யாரும் நோயாக நினைப்பதில்லை, எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுப்பார்கள். பம்ப் மாட்டிய பிள்ளை வாந்தி எடுத்தால், அது மலைப்பாதையிலேயே என்றாலும், முதலில் சர்க்கரையும் கீட்டோனும் பார்க்க வேண்டும். கீட்டோன் இருந்தால் இன்சுலினைப் பேனாவாலோ சிரிஞ்சாலோ போட வேண்டும், அதே பம்ப் வழியாக அல்ல. பிறகு குழலை மாற்ற வேண்டும், மருத்துவரை அழைக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

உயரமும் ஒரு கணக்கு. விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போன்ற அளவு வரை இறங்கும். ஊட்டி இருப்பது ஏறத்தாழ 2,240 மீட்டரில். 2011-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பம்ப்புகளை விமானத்திலும் அழுத்த அறையிலும் சோதித்தார்கள். ஏறும்போது பம்ப்பின் இன்சுலின் குப்பியிலுள்ள காற்றுக் குமிழிகள் விரிந்து, ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் கூடுதலாகத் தள்ளின. இறங்கும்போது ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. பஸ் விமானத்தைவிட மெதுவாக ஏறுகிறது, ஆனால் குமிழி விரிவது அதே விதிப்படிதான். எடை குறைந்த 13 வயதுப் பெண்ணுக்கு ஒரு யூனிட் சர்க்கரையை 50 புள்ளி வரை இறக்கும். ஊர் வந்து சேர்ந்ததும் டியூபை வெளிச்சத்தில் பிடித்துக் குமிழி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. விரற்கடை நீளத்துக்குக் காற்று தெரிந்தால், அந்த அளவு இன்சுலின் உள்ளே போகப்போவதில்லை.

குளிர் பெரும்பாலும் உதவிதான். திறந்த இன்சுலின் பாட்டிலை நான்கு வாரம் அலமாரியில் வைக்க ஊட்டியின் தட்பவெப்பம் போதும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவில் புல் வெள்ளையாகும் இரவுகளில் ஜன்னலோரமும் காரின் முன்பக்கமும் ஆபத்து. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகியபின் பார்க்கத் தெளிவாகவே இருந்தாலும் அதை நம்பக் கூடாது, கொட்டிவிட வேண்டும். சுகர் பார்க்கும் மீட்டர்கள் பல 10 டிகிரிக்குக் கீழே பிழை காட்டும்.

பம்ப் மோசமான கருவி என்று சொல்ல வரவில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, லக்சம்பர்க்கில் 30,000-க்கும் மேற்பட்ட இளம் நோயாளிகளைப் பார்த்து 2017-இல் வெளியான ஆய்வில், ஊசியைவிட பம்ப்பில் சர்க்கரை கடுமையாக இறங்கும் ‘லோ’வும் குறைவு, கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் கீட்டோ அசிடோசிஸும் குறைவு. அங்கே பம்ப்போடு பயிற்சியும் அவசரத்துக்கு அழைக்க ஆளும் சேர்ந்தே வருகின்றன. பிரிட்டனில் புதிதாக நோய் கண்ட சுமார் 290 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. அதில் பம்ப் வைத்தவர்களின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மேம்படவில்லை, செலவுதான் கூடியது. தானாகவே அளவை மாற்றிக்கொள்ளும் புதிய பம்ப்புகள் பழையவற்றைவிட மேல். அவற்றுக்கும் சாப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். 15 வயதில் நண்பர்களோடு வர்க்கி தின்றுகொண்டே பட்டனை அழுத்த மறப்பவன், ஊசியை மறந்தவன்தான்.

பணத்திலும் ஒரு பொறி. பம்ப்பை நன்கொடையிலோ கடனிலோ வாங்கிவிடலாம். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய குழல் செட்டுக்கு மாதாமாதம் கைக்காசு போகும். கொழுந்து விலை விழுந்த மாதத்தில் மூன்று நாள் செட் ஆறு நாளாகும். குத்திய இடம் சிவக்கும், மருந்து ஏறாது.

கைமாறி வந்த பம்ப் என்றால் இன்னொரு கவலை. மெட்ரானிக் நிறுவனம் 2019 நவம்பரில் தன் மினிமெட் 600 வரிசையில் சிலவற்றைப் பற்றி எச்சரித்தது. குப்பியைப் பிடித்து வைக்கும் வளையம் உடைந்தால் இன்சுலின் கூடவோ குறையவோ போகலாம் என்பதே பிரச்சினை. அமெரிக்காவில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட பம்ப்புகள் இதில் அடங்கின. 2,175 பேர் பாதிக்கப்பட்டதாகவும் ஒருவர் இறந்ததாகவும் அந்நாட்டு மருந்து நிர்வாகம் சொன்னது. இப்படிப்பட்ட கடிதம் நிறுவனத்தின் பதிவில் பெயர் உள்ளவருக்கு வரும். மூன்றாம் கையாக வாங்கியவருக்கு வராது.

அவசரத்துக்கு இன்று ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து கோவை 85 கிலோமீட்டருக்கு மேல். 2009 நவம்பர் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது மலைச்சாலைகள் துண்டிக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அப்படிப்பட்ட நாளில் பாதை திறக்கும்வரை பிள்ளையைத் தாங்கப்போவது வீட்டில் இருப்பது மட்டும்தான்: நீண்ட நேர இன்சுலின், பேனா, கீட்டோன் பட்டை, கூடுதல் குழல் செட், பம்ப்புக்கு வேண்டிய பேட்டரியோ சார்ஜரோ, ஊசிக்கு மாறினால் எத்தனை யூனிட் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு. பிள்ளை ஹாஸ்டலில் இருந்தால் இதே பொருள்கள் அங்கேயும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த வார்டனும். இவை சேரும்வரை பம்ப்புக்கு முன்பணம் கட்டாதீர்கள்.