யார் முதலில் கேட்பது?

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடன விருந்து நடக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இளைஞனும் தன்னுடன் ஆட ஒரு பெண்ணைத் தேட வேண்டும். மனத்துக்கு மிகவும் பிடித்தவளிடம் நேரே போய்க் கேட்டுவிடுவது ஒரு வழி. மறுத்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அதற்கு அஞ்சி, பெண்களே வந்து கேட்கட்டும் என்று சுவரோரம் நிற்பது மற்றொரு வழி. இவற்றுள் எது சிறந்தது?

இதற்குக் கணிதத்தில் விடை உண்டு. 1962ஆம் ஆண்டில் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்னும் இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் வெளியிட்ட சிறு கட்டுரையில் அது இருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது திருமணத்தை. நமக்கு நடனமே போதும். சூத்திரம் எதுவும் வேண்டாம், பொறுமை இருந்தால் சரி.

ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் எதிர்ப்பாலார் அனைவரையும் தம் விருப்ப வரிசைப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். முதற்சுற்றில் ஒவ்வோர் ஆணும் தன் பட்டியலில் முதலில் உள்ளவளைக் கேட்கிறான். பலர் வந்து கேட்டால், தனக்கு அதிகம் பிடித்தவனை மட்டும் அவள் நிறுத்திவைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறாள். "சரி" என்று அவனுக்கும் இன்னும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மறுக்கப்பட்டவன் அடுத்த பெயருக்குப் போகிறான். அங்கே அவன் மேலானவனாகத் தோன்றினால், அவள் முன்பு நிறுத்திவைத்தவனை அனுப்பிவிட்டு இவனை வைத்துக்கொள்ளலாம். யாரும் ஒருத்தியை இரண்டாம் முறை கேட்பதில்லை; ஆகவே இது முடிந்தே தீரும்.

இப்படி அமையும் ஜோடிகள் கலையமாட்டா. ராபர்ட் தன் ஜோடியைவிட ஹெலனை அதிகம் விரும்புகிறான் என்று கொள்வோம். அப்படியானால் அவளை முன்பே கேட்டிருப்பான். அவனைவிடப் பிடித்தவன் இருந்ததால் அவள் மறுத்திருப்பாள். அவளிடம் இப்போது இருப்பவன் அந்த ஆள், அல்லது அவனிலும் மேலானவன். இவனுடன் ஆட அவள் ஏன் வரப் போகிறாள்?

இனி, ஜானுக்குப் பிடித்தவள் மேரி, டாமுக்குப் பிடித்தவள் ரோஸ் என்க. மேரிக்கோ டாமையும், ரோஸுக்கு ஜானையும் பிடிக்கும். ஆண்கள் கேட்டால் ஜான்-மேரி, டாம்-ரோஸ் என்று ஒரே சுற்றில் முடிந்துவிடும். ஆண்கள் இருவருக்கும் முதல் விருப்பம். பெண்கள் இருவருக்கும் கடைசி விருப்பம். பெண்கள் கேட்டால் எல்லாம் தலைகீழ்! இரண்டு ஏற்பாடுகளும் கலையாதவையே.

எத்தனை பேர் இருந்தாலும் இதுவே கதை. கலையாத ஏற்பாடுகள் அனைத்திலும், கேட்கும் பக்கத்தார் ஒவ்வொருவருக்கும் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த ஜோடி இம்முறையில் கிடைக்கிறது. காத்திருக்கும் பக்கத்தாருக்கு மிகத் தாழ்ந்தது. வேடிக்கையைப் பாருங்கள். கேட்பவன் மறுப்புக்கு மேல் மறுப்பு வாங்கிப் பட்டியலில் இறங்கிக்கொண்டே போகிறான். காத்திருப்பவளுக்கோ வரவர மேலானவன் கிடைக்கிறான். ஆயினும் லாபம் கேட்டவனுக்கே! வகுப்பில் இதைச் சொன்னால் முதலில் மாணவர்கள் நம்புவதில்லை.

பழகப் பழக விருப்பம் மாறும் என்பதை இக்கணக்கு அறியாது. அது பெரிய குறைதான்.

நடனத்தில் இது விளையாட்டு, பிழைப்பில் அப்படியன்று. அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு முடித்தவர்களைப் பயிற்சிக்காக மருத்துவமனைகளுக்குப் பங்கிட, மேற்படி கட்டுரை வருவதற்குப் பத்தாண்டுகள் முன்பிருந்தே இத்தகைய முறை கையாளப்பட்டு வந்தது. அங்கே கேட்கும் பக்கம் மருத்துவமனைகள். இது இளம் மருத்துவர்களுக்குப் பாதகம் என்ற குறை எழுந்தது. 1998 முதல் மருத்துவர்களைக் கேட்கும் பக்கமாக மாற்றினார்கள். இதனால் வேறு இடம் கிடைக்கக்கூடியவர்கள் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒருவரே என்று ஆராய்ச்சி காட்டியது. மாற்றத்தை வகுத்தவர்களுள் ஒருவரான ஆல்வின் ராத், 2012இல் ஷாப்லியுடன் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேல் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்.