மூவார்ப் போருக்கு ஓர் அறுகோண வரைபடம்

1942 ஜனவரி 15 முதல் 22 வரை நம் ஜொகூர் மண்ணில் மூவார்ப் போர் நடந்தது. ஜப்பானியப் படையை 45ஆவது இந்திய பிரிகேடும் இரண்டு ஆஸ்திரேலியப் பட்டாளங்களும் எதிர்த்து நின்றன. அந்தப் போரைக் கணினியில் ஆடும் பலகை விளையாட்டாக நான் அமைத்து வருகிறேன். வரைபடத்தின் மேல் கட்டங்களைப் பொருத்துவதே இதில் முதல் வேலை.

சதுரக் கட்டம் ஏன் கூடாது? நேராக ஓர் அடி வைத்தால் தூரம் 1. மூலைவாட்டில் வைத்தால் 1.41. அறுகோணத்திலோ சுற்றியுள்ள ஆறு கட்டங்களும் ஒரே தூரத்தில் இருக்கும்.

வாஸல் என்ற இலவச மென்பொருள் நம்மிடம் கேட்பவை: கட்டத்தின் உயரம், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள இடைவெளி, முதல் கட்டத்தின் நடுப்புள்ளி. மேலும் கீழும் தட்டையாக இருக்கும் அறுகோணத்தில், உயரத்தை 0.866ஆல் பெருக்கினால் இடைவெளி கிடைக்கும். உயரம் 64 பிக்சல் என்றால் இடைவெளி 55.4. அதை 55 என்று சுருக்கினால், 60 வரிசை கடப்பதற்குள் ஏறத்தாழ 25 பிக்சல் விலகிவிடும். காய் இரண்டு கட்டங்களுக்கு நடுவே போய் நிற்கும். ஆகவே ஒரு கட்டத்தை மட்டும் அளக்காதீர்கள். முதல் வரிசையின் நடுவிலிருந்து கடைசி வரிசையின் நடுவரை அளந்து, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். ஸ்கேன் செய்த படம் சாய்ந்திருந்தால் முதலில் அதை நிமிர்த்திவிடுங்கள்.

அடுத்தது அளவுகோல். ஒரு கட்டம் 2 கிலோமீட்டர் என்றால், 64 பிக்சல் கட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர் 32 பிக்சல். வரைபடத்தை அந்த அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இன்றைய வரைபடத்தை அப்படியே எடுப்பதிலும் ஆபத்து உண்டு. 1942இல் மூவார் நகரில் ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை, படகுத்துறைதான் இருந்தது.

கணக்கு முடிந்தபின்தான் உண்மையான சிக்கல். ஜனவரி 20இல் பக்ரியிலிருந்து பின்வாங்கிய ஆண்டர்சனின் படை பாரிட் சூலோங்கை அடைந்தபோது, சிம்பாங் கிரி ஆற்றுப் பாலம் ஜப்பானியர் கையில் இருந்தது. கனரக ஆயுதங்களையும் வண்டிகளையும் கைவிட்டு, நடக்க முடிந்தவர்கள் காட்டுக்குள் தப்பினர். விட்டுச்செல்லப்பட்ட காயம்பட்டோர் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டனர். அவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர்.

கட்டத்தின் நடுவே ஆறு ஓடினால், அதில் நுழையும் காய் இரு கரையிலும் நிற்பதாகிவிடும். அந்தப் பொறியே வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். ஆறு கட்டத்தின் விளிம்பில் ஓட வேண்டும். பாலம் அந்த விளிம்பைக் கடக்க வேண்டும். முதல் கட்டத்தின் நடுப்புள்ளியைச் சற்று நகர்த்தினால் இது அமையும். ஆனால் ஒரே நகர்த்தலில் படகுத்துறை, பக்ரி, பாலம் மூன்றும் சரியான இடத்தில் விழுவது அரிது. நான் பாலத்துக்கே முதலிடம் கொடுத்தேன். மற்ற இடங்களில் ஆற்றைச் சிறிது வளைத்து விளிம்போடு வரைந்தேன். ஆறு ஒரு கிலோமீட்டர் விலகினால் வரலாறு மாறாது. பாலம் தடையாக இல்லாவிட்டால் மாறிவிடும்.

இறுதியில் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு காயை வைத்துப் பாருங்கள். அவை கட்டத்தின் நடுவில் ஒட்டினால் கணக்கு சரி. பிறகு பக்ரியிலிருந்து ஒரு காயை நகர்த்துங்கள். பாரிட் சூலோங்கில் அது தடுக்கப்பட்டால் வரைபடமும் சரி.