பந்தில் உட்காருமுன்...

"டாக்டர், முதுகுவலிக்கு உடற்பயிற்சிப் பந்து வாங்கலாமா?" திருபுவனத்தில் தறிக்குழியில் உட்கார்ந்து பட்டு நெய்பவர்கள் முதல் கும்பகோணத்துக்கு ஆபீஸ் போகிறவர்கள் வரை கேட்கும் கேள்வி இது. தாராளமாக வாங்கலாம். ஆனால் அளவு முக்கியம்!

1963-ல் இத்தாலிக்காரர் அக்விலினோ கோசானி உருவாக்கிய பந்து இது. சுவிட்சர்லாந்தில் சிகிச்சைக்குப் பயன்பட்டதால் 'ஸ்விஸ் பால்' என்று பெயர் வந்தது.

ஐந்தடிக்குக் குறைந்தவர்களுக்கு 45 செ.மீ., ஐந்தரை அடி வரை 55, ஆறடி வரை 65. உட்கார்ந்தால் தொடை தரைக்கு இணையாக, பாதம் முழுசாகப் பதிய வேண்டும். 'ஆன்ட்டி பர்ஸ்ட்' வகையே நல்லது. ஆணி குத்தினாலும் பட்டென்று வெடிக்காமல் மெல்லக் காற்று இறங்கும்.

டைல்ஸ் தரை வழுக்கும். ரப்பர் பாய் விரியுங்கள். புடவை, வேட்டி வேண்டாம். முதல் வாரம் சுவரோரமாக, பக்கத்தில் ஆள் துணையோடு, ஐந்து நிமிடம் உட்கார்ந்து பழகினால் போதும்.

தலைசுற்றல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ பந்தை ஓரங்கட்டிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அறுபதைத் தாண்டியவர்கள் ஒருமுறை விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம். அவர்களுக்கு மகாலிங்க சுவாமி கோயில் பிராகாரத்தில் நிதானமான நடையே நல்ல பயிற்சி!