நிதானம் (பகுதி 9): மரத்தடியில் ஒரு பெஞ்ச்

கோபத்தைப் பற்றி எழுதுவதாகச் சென்ற வாரம் வாக்குக் கொடுத்தது உண்மைதான். அதற்குள் ஜிம்பாப்வேயிலிருந்து 14 பாட்டிகள் குறுக்கே வந்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு வழிவிடத்தானே வேண்டும்? மூச்சும் தூக்கமும் பேசி முடித்தாயிற்று, வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

2005-ல் ஜிம்பாப்வே அரசு நகரங்களில் குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்றது ஐ.நா. அறிக்கை. அதே ஆண்டு, மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா பார்த்துவந்த இளம்பெண் ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். அவளை அழைத்துவர பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லாமல் போயிற்று என்றார் தாய்.

நோயாளியால் வர முடியாவிட்டால் வைத்தியம்தான் போக வேண்டும். யார் போவது? நாடு முழுவதற்கும் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே.

ஹராரேயின் ம்பாரே பகுதிச் சுகாதார நிலையத்தில் நர்ஸ்களுக்குத் தலைக்குமேல் வேலை. உள்ளே ஓர் அறைகூடக் காலியில்லை. மிஞ்சியவை, வெளியே மரத்தடியும், அங்கே சுகாதாரப் பணி செய்துவந்த 14 பாட்டிகளும்தான். 2006-ல் மரத்தடியில் பெஞ்ச் வந்தது.

முதலில் ஷோனா மொழியில் 14 கேள்விகள். (பாட்டிகளின் எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) எதையெதையோ யோசித்துக்கொண்டே இருந்தீர்களா, தூக்கம் கெட்டதா, வயிறு வலித்ததா, அற்ப விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தீர்களா? கோபம் இங்கே தலைகாட்டிவிட்டது. மீதி அடுத்த வாரம். "ஆம்" கூடினால் பெஞ்சுக்கு. தற்கொலை எண்ணம் தெரிந்தால் மேல்சிகிச்சைக்கு.

பெஞ்சில் மனத்தில் கிடப்பதையெல்லாம் கொட்டலாம். கணவனின் குடி, வாடகை பாக்கி, எச்.ஐ.வி. என எதுவானாலும் சரி. பிறகு அவற்றில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, வந்தவரே எடுக்க வேண்டும். அதற்கு என்ன செய்யப்போகிறார் என்பதையும் அவரே சொல்ல வேண்டும். அடுத்த முறை, "செய்தாயா?" என்று பாட்டி விசாரிப்பார். மொத்தம் ஆறு முறை. அறிவுரை சொல்லியே பழகியவர்களைக் காதுகொடுக்கப் பழக்கியதுதான் இதில் பெரிய வித்தை.

இதெல்லாம் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியவில்லை. ஹராரேயின் 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடந்த ஆய்வை 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் வெளியிட்டது. ஆறு மாதம் கழித்து, பெஞ்சுக்கு வந்தவர்களில் சுமார் 14 சதவீதத்தினரிடம் மட்டுமே மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. சற்றுக் கூடுதல் கவனிப்போடு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடம் அது 50 சதவீதம்.

2022 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது கத்தாரிலும் அணிக்கு ஒன்றாக 32 பெஞ்சுகள் போட்டார்கள். கோல் வாங்கிய அணியின் ரசிகர்களுக்குத் தேவைப்பட்டிருக்கும்.

ஹராரேயில் கதை பெஞ்சோடு முடியவில்லை. அமர்வுகளை முடித்தவர்கள் ஒரு குழுவாகக் கூடி, பழைய பிளாஸ்டிக்கைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப் பைகள் பின்னுகிறார்கள். பேச்சும் நடக்கிறது, பை விற்ற காசும் வருகிறது. வாடகை பாக்கியை முதல் பிரச்சினையாக எடுத்தவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் அவசரம்.

(தொடரும்)