மூச்சு முட்டினால் நினைவும் தடுமாறும்

"அப்புவுக்கு இப்ப ஒன்றும் விளங்குதில்லை, சுவாமி. யூரியா போட்ட வயலுக்கே திரும்பவும் போடப் போகிறார்." வீடு சந்திக்கச் சென்றபோது ஒரு மகன் இப்படிச் சொன்னார். திண்ணையில் இருந்த தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். பல வருடங்களாக முட்டினால் அவதிப்படுபவர் அவர். வயதின் மறதி, பிடிவாதம் என்றே வீட்டார் எண்ணினார்கள். அது மட்டுந்தானா?

மூளை நமது உடல் நிறையில் 2 வீதம் மட்டுமே. ஆனால் உடல் செலவிடும் ஒட்சிசனில் ஏறக்குறைய 20 வீதம் அதற்கே போகிறது. புகைத்தல், விறகடுப்புப் புகை, முன்பு வந்த காசநோய் ஆகியவற்றால் நுரையீரல் பழுதடைந்தால் இரத்தத்தில் ஒட்சிசன் குறையலாம். அப்போது கவனமும் ஞாபகமும் தளர்கின்றன. 1982இல் வட அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இவ்வாறு ஒட்சிசன் குறைந்த 203 நோயாளரில் 42 வீதத்தினரின் சிந்தனைத் திறன் கணிசமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. நோயற்றவர்களிடையே அது 14 வீதமே. தொடர்ந்து ஒட்சிசன் கொடுத்தபோது ஓரளவு முன்னேற்றமும் காணப்பட்டது.

ஆகவே, குறைசொல்லுமுன் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மறதியைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். விரலில் மாட்டும் சிறு கருவியால் ஒட்சிசன் அளவை நோவின்றி அறியலாம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

- ஒரு நேரத்தில் ஒரு காரியத்தையே சொல்லுங்கள். பசளை இட்ட நாளை அவரே கலண்டரில் குறிக்கட்டும்.
- உறிஞ்சும் மருந்தை எடுக்கும் விதத்தை அவர் செய்துகாட்டட்டும். தவறினால் பொறுமையாகத் திருத்துங்கள்.
- சுருட்டு, பீடியைக் கைவிட உதவுங்கள். கொட்டிலுக்குள் எரியும் அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள்.
- திடீரெனக் குழம்பிப் பேசினால், எழுப்பமுடியாமல் தூங்கினால், உதடு நீலமானால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.
- வைத்தியர் சொல்லாமல் நித்திரைக் குளிசை கொடுக்க வேண்டாம். அது மூச்சை மேலும் தளர்த்தக்கூடும்.

இடம்பெயர்ந்த இடமெல்லாம் வெறுங்கையோடு மண்ணைக் கொத்தி நம்மை வளர்த்தவர்கள் இவர்கள். விதைப்பைப் பற்றிப் பேசும்போது அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். கேளுங்கள், கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். பதில் சொல்லுமுன் அவர்களுக்கு மூச்செடுக்க நேரம் வேண்டும்.