சுமையும் சுமைதாங்கியும்

சுமை தூக்கும் தொழிலைப் பற்றிய கட்டுரைக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். பாரம், பொறை, பொதி, மூட்டை, சிப்பம் எனச் சுமைக்கு இத்தனை பெயர்களைப் படைத்துக்கொண்ட மொழி, சுமப்பவனின் உடலைப் பற்றியும் சற்றுப் பேசலாம் என்பதே நம் விடை. பட்டினப்பாலையைப் பாடம் நடத்தும்போது, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்துகிடந்த பண்டங்களையும் அவற்றின்மீது பொறிக்கப்பட்ட புலி முத்திரையையும் வியந்து விளக்குகிறோம். அப்பொதிகளை இறக்கியும் ஏற்றியும் தேய்ந்த தோள்களைப் பற்றி எந்த மாணவரும் நம்மிடம் கேட்டதில்லை. நாமாகவும் சொன்னதில்லை.

கடந்த பருவத்தில் நம் வகுப்பு மாணவர் ஒருவர், பாடவேளை முழுவதும் பின்சுவரில் சாய்ந்து நின்றவாறே கேட்கத் தொடங்கினார். காரணம் கேட்டதற்கு, “உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை ஐயா, நின்றால் தாங்கிக்கொள்ள முடிகிறது” என்றார். நகரின் புறத்தே உள்ள பார்சல் கிடங்கு ஒன்றில் இரவு ஒன்பது மணிமுதல் ஒரு மணிவரை லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கும் வேலை அவருக்கு. கல்விக் கட்டணமும் வீட்டு வாடகையில் ஒரு பகுதியும் அவ்வருவாயில்தான் கழிகின்றன. மருத்துவரிடம் சென்றிருக்கிறார். “அதிகமாக எத்தனை கிலோ தூக்குகிறாய்?” என்று மருத்துவர் கேட்டாராம். “எப்போதாவது இருபது கிலோ சார், மற்றபடி ஏழெட்டுக் கிலோதான்” என்றாராம் மாணவர். “இந்த வயதில் எட்டுக் கிலோ ஒரு சுமையா?” என்று சொல்லி வலி மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்.

மருத்துவரைக் குறைகூறுவது நம் கருத்தன்று. அவர் கேட்ட கேள்வியையே நாம் எல்லோரும் கேட்கிறோம். சட்டமும் நெடுங்காலம் அதையே முதன்மையாகக் கேட்டுவந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, காயம் விளைவிக்கக்கூடிய அளவு பெருஞ்சுமையை எவரும் தூக்கலாகாது என்று கூறி, உச்ச எடையை வரையறுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் உச்சச் சுமை பற்றிய ஒப்பந்தம் ஒன்றை நிறைவேற்றியது. அதனோடு வந்த பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவருக்கு 55 கிலோவை எல்லையாகச் சுட்டிற்று. நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிப் பலகைமேல் நடந்த காலத்தை மண்டி நடத்திய நம் பெரியவர்கள் அறிவார்கள். அந்த மூட்டை ஐம்பது கிலோவாகச் சுருங்கியது பெரும் பேறு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எடை குறைந்ததும் சுமையும் குறைந்துவிட்டது என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். பிழை அங்கேதான் நேர்ந்தது.

ஓரிரவு அக்கிடங்கிற்கு நாமே சென்று பார்த்தோம். லாரியின் நீண்ட தகரக் கூண்டிற்குள் இருவர் நிற்கின்றனர். கூரைவரை அடுக்கிய பெட்டிகளை எடுத்துப் பக்கவாட்டில் ஓடும் கன்வேயரில் வைக்கின்றனர். மேலடுக்கு தலைக்கு மேலே இருக்கிறது, கீழடுக்கு பாதத்தினருகே கிடக்கிறது. பெட்டிகளுக்குக் கைப்பிடி இல்லை. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினோம். ஆளுக்கு நிமிடத்திற்கு ஐந்து பெட்டிகள். மணிக்கு முந்நூறு, நான்கு மணிநேரத்தில் ஆயிரத்து இருநூறு. பெட்டிக்கு எட்டுக் கிலோ எனக் கொண்டால், ஓர் இளைஞரின் கைகளைக் கடந்து ஓரிரவில் 9,600 கிலோ செல்கிறது. எட்டுக் கிலோ ஒரு சுமையா என்ற கேள்விக்கு முதல் விடை இந்தப் பெருக்கற் கணக்கு.

இரண்டாம் விடை நெம்புகோலில் உள்ளது. வெள்ளிக்கோலைப் பிடித்து நிறுத்த பழைய கடைக்காரர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோலின் நீண்ட பக்கத்தில் தொங்கும் சிறு குண்டு, குறுகிய பக்கத்திலுள்ள பெருஞ்சரக்கைச் சமன்செய்யும். நம் முதுகும் அத்தகைய கோலே. இடுப்பருகேயுள்ள முள்ளெலும்பு அதன் ஊன்றிடம். முதுகுத் தசைகள் அவ்விடத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் தொலைவில் இழுக்கின்றன. பெட்டியோ நீட்டிய கைகளில் ஐம்பது சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பத்து மடங்கு வேறுபாடு. எட்டுக் கிலோப் பெட்டியைத் தாங்க, முதுகுத் தசை எண்பது கிலோ விசையோடு இழுக்க வேண்டும். குனிந்த நிலையில் தலையும் மார்பும் தாமே ஒரு பெருஞ்சுமை என்பதால் அவற்றின் பாரமும் சேர்கிறது. இவ்விசைகளெல்லாம் ஒன்றுகூடி, முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மென்மையான வட்டை, வழக்கில் டிஸ்க் என்பதை, நசுக்குகின்றன.

இக்கூறுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து எண்ணும் முறை ஒன்று உண்டு. அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு, உடல்நலத் தேசிய நிறுவனம் 1981-இல் வகுத்து 1991-இல் திருத்திய வாய்பாடு அது. எல்லாம் நலமாக அமைந்த நிலையில், அதாவது சுமை உடலை ஒட்டியிருந்து, இடுப்பிற்குச் சற்றுக் கீழே 75 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, உடல் திரும்பாமல், எப்போதாவது தூக்கும்போது, 23 கிலோ எல்லை என்று அது தொடங்குகிறது. பின்னர் ஒவ்வொரு குறைக்கும் அந்த எல்லையைக் குறைத்துக்கொண்டே போகிறது. நம் மாணவரின் கீழடுக்குப் பெட்டிக்கு அதைப் பொருத்திப் பார்த்தோம். பெட்டி ஐம்பது சென்டிமீட்டர் தள்ளியிருப்பதால் எல்லை பாதியாகி 11.5 கிலோ. தரையிலிருந்து எடுப்பதால் ஏறத்தாழ 9 கிலோ. கன்வேயரை நோக்கி 45 பாகை திரும்புவதால் 7.6 கிலோ. நிமிடத்திற்கு ஐந்து முறை, அதுவும் இரண்டு மணிநேரத்திற்கு மேல் தொடர்வதால், வாய்பாட்டின் பட்டியல்படி 0.35-ஆல் பெருக்க வேண்டும். எஞ்சுவது 2.7 கிலோ! தூக்கும் தொலைவு, கைப்பிடியின்மை ஆகியவற்றை நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை. 2.7 கிலோ தகும் இடத்தில் அவர் எட்டுக் கிலோ தூக்குகிறார். மருத்துவர் எண்ணிய எட்டுக் கிலோ வேறு, முதுகு அறிந்த எட்டுக் கிலோ வேறு.

இங்கே ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. நம் முன்னோர் இவ்வாய்பாட்டை எழுதி வைக்கவில்லை. எனினும் அதன் உட்பொருளைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துச் சுமப்பவருக்குச் சுமை முதுகெலும்பின் நேர்மேலே அமைகிறது. கோலின் நீளம் ஏறக்குறைய இல்லாமற் போகிறது. கழுத்துக்கு அது கேடு என்பது வேறு செய்தி. மூட்டையைத் தலையேற்ற எப்போதும் இருவர் கைகொடுத்தனர். சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. இரு கற்களை நட்டு, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கமும் இருந்தது. அக்கல்லின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். தரையில் இறக்கினால் மீண்டும் தூக்கக் குனிய வேண்டும், பிறர் துணையும் வேண்டும். மார்பளவில் நிற்கும் கல்லில் தலைச்சுமையைத் தள்ளிவைத்து இளைப்பாறி, தனி ஒருவராகவே மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். இன்று பேலட்டுகளை இடுப்பளவிற்கு உயர்த்தும் பொறிகளை விற்போர், அந்தக் கல்லின் பேரப்பிள்ளைகளைத்தான் விற்கின்றனர்.

முழங்காலை மடக்கித் தூக்கு, முதுகை வளைக்காதே என்பது யாவரும் கூறும் அறிவுரை. சிறு பொருளுக்கு அது பொருந்தும். முழங்கால்களுக்கு இடையே அடங்காத அகன்ற பெட்டியாயின், காலை மடக்குவதால் பெட்டி இன்னும் முன்னே தள்ளிப்போய்க் கோல் நீள்கிறது. மேலும், ஓரிரவில் அறுநூறு முறை முழங்காலில் அமர்ந்து எழுந்தால் முழங்கால் என்னாவது? இடுப்புப் பட்டையைப் பற்றியும் இதே நிலைதான். அதே அமெரிக்க நிறுவனம் 1994-இல் ஆராய்ந்து, காயமற்ற தொழிலாளிக்கு அது பாதுகாப்பளிக்கிறது என்பதற்குப் போதிய சான்றில்லை என்று அறிவித்தது. பட்டை கட்டியவர் தம்மால் மேலும் தூக்க முடியும் என்று மயங்குவதே மிச்சம்.

மாணவர்க்குப் பயன்படும் செய்தி ஒன்று. முதுகெலும்பு வட்டுக்குள் வளர்ந்த பின்னர் இரத்தக் குழாய்கள் ஏறத்தாழ இல்லை. நாம் படுத்துறங்கும்போது அது நீரை உறிஞ்சிப் பருக்கிறது. காலையில் நாம் சற்று உயரமாக இருப்பது இதனால்தான். பருத்த வட்டு, குனியும்போது மிகுந்த இறுக்கத்திற்கு உள்ளாகிறது. உறங்கி எழுந்து உடனே லாரிக்குள் ஏறுவது, ஆகவே, மிகத் தீயது. ஒரு மணிநேரமாவது நடமாடிய பின்னரே குனிந்து தூக்க வேண்டும். கோடையில் தகரக் கூண்டின் வெப்பத்தில் வியர்வை மணிக்கு ஒரு லிட்டரையும் எட்டலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால்மணி நேரத்திற்கு ஒரு குவளை நீர் பருக வேண்டும்.

இத்தொழில் பெருந்தொழிலாக வளர்ந்த அமெரிக்காவில் இந்த வழக்கு முன்பே நடந்திருக்கிறது. யுனைடெட் பார்சல் சர்வீஸ் நிறுவனம் 1994-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பார்சலின் உச்ச எடையை 70 பவுண்டிலிருந்து 150 பவுண்டாக, அதாவது ஏறத்தாழ 32 கிலோவிலிருந்து 68 கிலோவாக உயர்த்தியது. டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. ஒரே நாளில் உடன்பாடு ஏற்பட்டது. 70 பவுண்டிற்கு மேற்பட்ட பெட்டியை ஒருவர் தனியே தூக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அங்கும் பேச்சு எடையைப் பற்றியே நிகழ்ந்தது. வேகத்தைப் பற்றிய சட்டம் வரக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. கலிபோர்னியா மாநிலம் 2021-இல் இயற்றி 2022-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த சட்டம், பெருங்கிடங்குகள் தொழிலாளிக்கு விதிக்கும் எண்ணிக்கை இலக்கை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், உணவு இடைவேளையையும் கழிப்பறை செல்வதையும் தடுக்கும் இலக்கு செல்லாது என்றும் கூறியது. மாணவரும் அங்கே இத்தொழிலுக்குப் புதியவரல்லர். லூயிவில் நகரில் 1998-இல் தொடங்கிய திட்டமொன்றில், அதே நிறுவனத்தின் விமான நிலையக் கிடங்கில் இரவுப்பணி புரியும் மாணவர்க்குக் கல்விக் கட்டணம் செலுத்தப்படுகிறது. நம் மாணவர் இரவில் ஈட்டிக் காலையில் கட்டுகிறார். வேறுபாடு அவ்வளவே.

நாம் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக் கிடங்கின் மேற்பார்வையாளரிடம் காட்டினோம். பண்பாகக் கேட்டுக்கொண்டார். கீழடுக்கைத் தரையில் வைக்காமல் காலிப் பேலட்டுகளை அடுக்கி அவற்றின்மேல் வைத்து அனுப்புமாறு சரக்கு ஏற்றுமிடத்திற்குச் சொல்ல இசைந்தார். கன்வேயரைத் திருப்பி, இறக்குபவரின் நேர் எதிரே நிறுத்தவும் இசைந்தார். மூன்றாம் ஆள் ஒருவரைச் சேர்த்து வேகத்தை நிமிடத்திற்கு மூன்றாகக் குறைத்தால், அதே எட்டுக் கிலோப் பெட்டி பத்தரைக் கிலோ எல்லைக்குள் பாதுகாப்பாக அடங்கும் என்றோம். “அது என் கையில் இல்லை ஐயா, மேலே இருப்பவர்கள் முடிவுசெய்வது” என்றார்.

மாணவர் இப்போது வகுப்பில் அமர்கிறார். பெட்டிகள் உயரத்தில் வருவதால் உடலை ஒட்டிப் பிடிக்க முடிகிறது. திரும்ப வேண்டியதும் இல்லை. வாய்பாட்டின்படி அவருக்கான எல்லை 2.7 கிலோவிலிருந்து ஏறத்தாழ 6.7 கிலோவாக உயர்ந்திருக்கிறது. பெட்டிகள் இன்னும் எட்டுக் கிலோவாகவே வருகின்றன, நிமிடத்திற்கு ஐந்து.